ஐஸ் தண்ணீர் பட்டால் சுரீர்: பல் கூச்சம் பற்றி நம்புவதும் நடப்பதும்

“பல் கூசுது டாக்டர்” என்று நாற்காலியில் உட்காருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, “சுரீர்னு வந்து உடனே போயிடுதா, இல்ல நின்னு வலிக்குதா?” என்பதுதான். பலரும் அதுவரை அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஐஸ் தண்ணீர் குடித்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டது நினைவிருக்கும். அந்த வலி ஐந்து நொடியில் அடங்கியதா, ஐந்து நிமிடம் இழுத்ததா என்பது நினைவிருக்காது. பாதி நோயறிதல் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. கூச்சத்துக்கென்று விற்கும் பேஸ்ட் போதுமா, சொத்தையை அடைக்க வேண்டுமா, வேர் சிகிச்சை வரை போக வேண்டுமா என்பதை அது பெருமளவு சொல்லிவிடும்.

கூச்சத்துக்கு மருந்து மளிகைக் கடையிலேயே கிடைக்கிறது. அதனால் மருத்துவரிடம் வருவதற்குள் விளம்பரம், பாட்டி வைத்தியம், பக்கத்து வீட்டுக்காரர் அனுபவம் எல்லாம் ஒரு சுற்று முடிந்திருக்கும். அவற்றில் சில பாதி உண்மை, சில வெறும் பயம், சில பல்லுக்கே கேடு. சிகிச்சையைத் தாமதப்படுத்துகிற, தவறான சிகிச்சைக்குத் தள்ளுகிற நம்பிக்கைகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

“எனாமல் தேஞ்சு நரம்பு வெளியில தெரியுதாம்”

எனாமலில் நரம்பே கிடையாது. எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருளாலான அது, உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். நரம்பு உண்மையிலேயே வெளியில் தெரிகிறது என்றால் பல் உடைந்தோ சொத்தை ஆழமாகிப்போயோ நரம்பிருக்கும் பற்கூழ் திறந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் யாரும் “லேசா கூசுது” என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

கூச்சம் பிறக்கும் இடம் எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின். கண்ணுக்கு மஞ்சள் நிறக் கட்டியாகத் தெரிந்தாலும் அது முழுக்க நுண்துளைக் குழாய்களால் ஆனது. பற்கூழை ஒட்டிய பகுதியில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் ஏறக்குறைய 45,000 குழாய்கள் இருக்கும். வெளிப்பக்கம் வர வர எண்ணிக்கையும் விட்டமும் குறையும். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் திரவம் நிற்கிறது. உள்முனையில், பற்கூழின் ஓரத்தில், நரம்பு இழைகள் காத்திருக்கின்றன.

சுவீடன் நாட்டுப் பல் மருத்துவ ஆய்வாளர் மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம் 1960களில் முன்வைத்த விளக்கத்தைத்தான் இன்றும் நாங்கள் படிக்கிறோம், நம்புகிறோம். குழாயின் வெளிமுனை திறந்திருக்கும்போது குளிர்ச்சி பட்டால் உள்ளே நிற்கும் திரவம் சட்டென்று வெளிநோக்கி நகர்கிறது. காற்று பட்டால் நுனியில் இருப்பது உலர்ந்து, மீதியை இழுக்கிறது. இனிப்பும் திரவத்தை வெளியே இழுக்கும். அந்த அசைவு நரம்பிழையை உலுக்குவதுதான் நமக்குச் சுரீர். குளிர்ந்த தண்ணீர், பைக்கில் போகும்போது வாயில் அடிக்கும் காற்று, ஜிலேபி என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை ஒரே பல்லில் ஒரே மாதிரி வலியைக் கிளப்புவது இதனால்தான். சூடு பட்டால் திரவம் உள்நோக்கி, மெதுவாகத்தான் நகரும். அதனால் சாதாரணக் கூச்சத்தில் ஐஸ் தண்ணீர் அளவுக்குச் சூடான காபி தொல்லை தராது. சூட்டுக்கு அதிகமாக வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் என் சந்தேகம் வேறு பக்கம் போய்விடும்.

அப்படியானால் டென்டின் வெளியில் தெரிகிற எல்லோருக்கும் கூச வேண்டுமே? கூசுவதில்லை. கூசும் பற்களையும் கூசாத பற்களையும் மின்னணு நுண்ணோக்கியில் ஒப்பிட்டு 1987இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு விடை சொன்னது. கூசும் பல்லின் பரப்பில் திறந்திருந்த குழாய்கள் எட்டு மடங்கு. அவற்றின் விட்டமும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. குழாயின் விட்டம் இரண்டு மடங்கானால் அதன் வழியே ஓடக்கூடிய திரவம் பதினாறு மடங்காகும் என்பது இயற்பியல் கணக்கு. எச்சிலில் உள்ள தாதுக்கள் படிந்து குழாய் வாய் அடைபட்டால் கூச்சம் அடங்கும். புளிப்போ முரட்டுத் தேய்ப்போ அந்த அடைப்பைக் கரைத்துவிட்டால் திரும்ப வரும். “போன மாசம் இருந்துச்சு, நடுவுல போயிடுச்சு, இப்ப மறுபடியும்” என்று நோயாளிகள் சொல்வது கற்பனையல்ல.

“கூச்சத்துக்கு பேஸ்ட் இருக்கு, டாக்டர் எதுக்கு?”

இதைத்தான் விரிவாகப் பேச வேண்டும். என் அனுபவத்தில் அதிகக் கெடுதல் செய்வது இந்த ஒரு நம்பிக்கை.

டென்டின் கூச்சம் என்ற முடிவுக்கு நாங்கள் நேராக வருவதில்லை. மற்றவை ஒவ்வொன்றையும் தேடி, இல்லை என்று உறுதி செய்த பிறகு மிஞ்சுவதற்குத்தான் அந்தப் பெயர். சிறு சொத்தை கூசும். பழைய ஃபில்லிங்கின் ஓரத்தில் கசிவு இருந்தாலும் கூசும். புதிதாக வைத்த ஃபில்லிங் ஒரு இழை உயரமாக இருந்து, வாயை மூடும்போது அதுவே முதலில் இடித்தால், அந்தப் பல்லும் கூசும். உயரத்தைத் தேய்த்துக் குறைத்தால் சில நாளில் சரியாகிவிடும். பல்லில் விரிசல் இருந்தாலும் கூசும். இவை ஒன்றுக்கும் கூச்ச பேஸ்ட் மருந்தல்ல. சொத்தை உள்ள பல்லில் அந்த பேஸ்ட் வலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தி, சொத்தை ஆழமாவதற்கு அவகாசம் தந்துவிடுகிறது. நான்கு வாரத்துக்கு மேல் கூச்சம் நீடித்தால் பல் மருத்துவரைப் பாருங்கள் என்று அந்த டியூப்களிலேயே அச்சிட்டிருக்கும். சின்ன எழுத்து, யாரும் படிப்பதில்லை.

நாற்காலியில் நடப்பது இதுதான். முதலில் எந்தப் பல் என்று விரலால் காட்டச் சொல்வேன். ஒரே பல்லைக் காட்டுகிறவர் ஒரு வகை, “இந்தப் பக்கம் பூரா” என்று தடவிக் காட்டுகிறவர் இன்னொரு வகை. பிறகு பக்கத்துப் பற்களை விரலாலும் பஞ்சாலும் மறைத்துவிட்டு, சந்தேகமான பல்லின் கழுத்தில், ஒரு சென்டிமீட்டர் தூரத்திலிருந்து, ஒரு நொடி மட்டும் காற்றை விடுவேன். ஒன்றும் உணராவிட்டால் 0. உணர்கிறார், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை என்றால் 1. நிறுத்தச் சொன்னாலோ தலையை விலக்கினாலோ 2. வலி என்று சொல்லி நிறுத்தச் சொன்னால் 3. அதைக் குறித்துக்கொள்வேன். அப்புறம் ப்ரோப் முனையால் ஈறை ஒட்டிய இடத்தை மெல்ல வருடிப் பார்ப்பேன். சில இடங்களில் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே வலி மறைந்துவிடும். அந்தப் புள்ளியில்தான் டென்டின் திறந்திருக்கிறது. கண்ணாடிப் பிடியால் பல்லை லேசாகத் தட்டிப் பார்ப்பதும், இரண்டு பற்களுக்கு நடுவில் ஒளிந்திருக்கும் சொத்தைக்காக எக்ஸ்-ரே எடுப்பதும் அடுத்தடுத்து வரும். எக்ஸ்-ரே என்றதும் “கூச்சத்துக்குப் போய் எதுக்கு?” என்கிற முகங்களைப் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து முழுசாகத் தெரியும் பல்லின் பக்கவாட்டில் பாதி ஆழத்துக்குச் சொத்தை போயிருப்பதை அந்தச் சிறிய படம்தான் காட்டும்.

விரிசல் விட்ட பல் எங்களையே அலைக்கழிக்கக்கூடியது. எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் தெரியாது. சீடை, பொங்கல் கரும்பு, நல்லி எலும்பு, கொட்டைப் பாக்கு ஆகியவற்றைக் கடைவாய்ப் பல்லில் வைத்து அழுத்திக் கடிக்கும் வழக்கம் உள்ள நம் ஊரில் இது அபூர்வமும் அல்ல. ஒரு அம்மா இரண்டு மூன்று விதமான கூச்ச பேஸ்ட்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்திவிட்டு வந்தார். காற்று விட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. பல்லின் மேடு ஒவ்வொன்றின் மேலும் தனித்தனியாகக் கடிக்கும் கருவியை வைத்துக் கடிக்கச் சொன்னேன். கடித்தபோது ஒன்றுமில்லை, கடியை விட்ட கணத்தில் “ஆங்” என்று கையை உயர்த்தினார். கடிக்கும்போது விரிசலின் இரு பக்கமும் விலகுகின்றன, விடும்போது சட்டென்று சேர்கின்றன, உள்ளே உள்ள திரவம் உலுக்கப்படுகிறது. இப்படி விடும்போது வரும் வலி விரிசலுக்கு நல்ல சாட்சி. அந்தப் பல்லை உடையாமல் சேர்த்துப் பிடித்து வைக்க ஒரு கேப் போட்டோம். பேஸ்ட்டை நம்பி இன்னும் சில மாதம் போயிருந்தால் விரிசல் வேர்வரை இறங்கிப் பல்லையே எடுக்க வேண்டி வந்திருக்கும்.

நேரக் கணக்குக்கு வருகிறேன். குளிர் பட்டுச் சுரீரென்று வந்து, குளிரை எடுத்ததும் சில நொடியில் போனால், பற்கூழ் பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது. வலி நிமிடக் கணக்கில் நிற்கிறது, எதுவும் படாமலே தானாக வருகிறது, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறது, படுத்தால் விண்விண் என்று தெறிக்கிறது, சூட்டுக்கு ஏறுகிறது என்றால் பற்கூழ் அழற்சி மீள முடியாத கட்டத்துக்குப் போயிருக்கலாம். ஐஸ் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டால்தான் வலி அடங்குகிறது என்று பாட்டிலோடு வருகிறவர்களும் உண்டு. அது கூச்சத்துக்கு நேர்மாறான அறிகுறி. இவர்களை ஒரு நாள்கூடக் காக்க வைக்கக் கூடாது.

பல்லில் எந்தக் குறையும் இல்லாமலும் இதே புகார் வரும். சளி பிடித்த வாரத்தில் மேல் கடைவாய்ப் பற்கள் நாலைந்து ஒன்றாக வலித்து, குனிந்தால் கனத்தால், சைனஸைப் பார்க்க வேண்டும். படியேறும்போது மட்டும் கீழ்த்தாடையில் வலி வந்து, நின்றால் போகிறது என்று ஒரு நடுவயதுக்காரர் சொன்னால் அவரை நான் அன்றே இதய மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன்.

“க்ளீனிங் பண்ணினா பல் கூசும், அப்புறம் ஆடும்”

பல் சுத்தம் செய்யச் சொன்னால் பாதிப் பேர் பின்வாங்குவதற்குக் காரணம் இந்தப் பேச்சு. இதில் ஒரு துளி உண்மை இருப்பதால்தான் இவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது. சுத்தம் செய்த மறுநாள் பல் கூசுவது உண்மை. இடைவெளி விழுந்ததுபோல் நாக்குக்குத் தட்டுப்படுவதும் உண்மை.

நடந்தது என்ன? வருடக்கணக்கில் சேர்ந்த காரை ஈறைக் கீழே தள்ளி, வேரைத் தாங்கும் எலும்பைக் கரைத்து, வேரின் மேல் ஒரு போர்வைபோல் மூடிக்கொண்டிருக்கிறது. போர்வையை எடுத்ததும் அடியில் ஏற்கெனவே வெளிப்பட்டுவிட்ட வேர் காற்றைப் பார்க்கிறது. வேருக்கு எனாமல் கிடையாது. மேலே உள்ள சிமென்டம் என்ற உறை பல்லின் கழுத்தில் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட இராது. அதனால் கூசுகிறது. இடைவெளியும் காரை அடைத்துக்கொண்டிருந்த இடம்தான். ஆடுகிற பல், எலும்பு போனதால் முன்பே ஆடத் தொடங்கியது; காரைதான் அதைப் பக்கத்துப் பல்லோடு ஒட்டிப் பிடித்து ஆடாததுபோல் காட்டியது.

சுத்தத்துக்குப் பின் வரும் கூச்சம் பெரும்பாலானவர்களுக்குச் சில நாளில் தணியத் தொடங்கி இரண்டு மூன்று வாரத்துக்குள் அடங்கிவிடும். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டிய பொறுப்பு எங்களுடையது. சொல்லாமல் செய்துவிட்டு மறுநாள் போனில் சமாதானம் சொன்னால் அந்த நோயாளி மட்டுமல்ல, அவர் குடும்பமே அடுத்த பத்து வருடத்துக்கு நாற்காலிப் பக்கம் வராது. ஈறு ஏற்கெனவே இறங்கியவர்களுக்குச் சுத்தம் செய்வதற்குச் சில வாரம் முன்பே கூச்ச பேஸ்ட்டைத் தொடங்கச் சொல்வது, முடிந்ததும் புளோரைடு வார்னிஷ் பூசிவிடுவது இரண்டும் நன்றாகப் பலன் தருகின்றன.

“அழுத்தித் தேச்சாத்தான் அழுக்கு போகும்”

கோரைப்பல்லிலும் அதற்கு அடுத்த சிறு கடைவாய்ப் பற்களிலும் ஈறை ஒட்டி நகத்தை வைத்துத் தடவிப் பாருங்கள். நகம் ஒரு பள்ளத்தில் விழுந்தால் அது தேய்மானமாக இருக்க வாய்ப்பு அதிகம். வலது கைக்காரர்களுக்கு இடது பக்கத்தில்தான் இது கூடுதலாக இருக்கும். பிரஷ் பிடித்த கை முதலில், முழு வேகத்தோடு போகும் பக்கம் அது. இரவில் பற்களை நறநறவென்று கடிப்பவர்களுக்கும் பல்லின் கழுத்தில் இப்படிப் பள்ளம் விழலாம். கடி அழுத்தம் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதில் வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

பல்லின் மேல் படியும் படலம் மிருதுவானது. மென்மையான நாருள்ள பிரஷ், விரல்நுனியில் பிடித்த லேசான அழுத்தம், ஈறிலிருந்து பல்லை நோக்கிச் சின்னச் சின்ன அசைவு, இரண்டு நிமிடம், அவ்வளவு போதும். ஒரு மாதத்திலேயே பிரஷ்ஷின் நார்கள் இரு பக்கமும் விரிந்து கவிழ்ந்துவிட்டால் அழுத்தம் அதிகம் என்று அதுவே காட்டிக்கொடுக்கும். செங்கல் பொடி, சாம்பல், கரி, உப்பு என்று கையால் தேய்த்த தலைமுறையில் பலரின் முன்பற்கள் வழுவழுவென்று தட்டையாகத் தேய்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கரி இப்போது கறுப்பு பேஸ்ட்டாகப் புது டியூபில் வந்து, பல்லை வெண்மையாக்கும் என்று இளைஞர்களிடம் விற்கப்படுகிறது. வெளிக்கறையைச் சுரண்டும், பல்லின் நிறத்தை மாற்றாது. ஏற்கெனவே கூசுகிறவர் அதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

“புளிப்பு எல்லாத்தையும் நிறுத்திடுங்க”

அப்படி நிறுத்தச் சொன்னால் நம் சமையலில் மிஞ்சுவது என்ன? நிறுத்தவும் தேவையில்லை. பி.எச். 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். டென்டின் அதற்கு முன்பே, 6க்குச் சற்று மேலேயே கரையும். கோலா பானங்களின் பி.எச். சுமார் 2.5. எலுமிச்சைச் சாறும் கிட்டத்தட்ட அதே அளவு. ஆனால் மோரும் தயிரும் புளிப்பாக இருந்தாலும் அவற்றில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருப்பதால் பல்லை அரிப்பதில்லை. கூச்சத்துக்குப் பயந்து மோரை நிறுத்திவிட்டு, சர்க்கரை இல்லாததுதானே என்று டயட் கோலா குடிப்பவருக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்: சர்க்கரை இல்லாவிட்டாலும் அதன் அமிலம் அப்படியேதான் இருக்கிறது.

சாப்பாட்டோடு ரசமும் சாம்பாரும் போய்விடும். எச்சில் ஊறி அமிலத்தைச் சமன் செய்துவிடும். உறிஞ்சி உறிஞ்சி ஒரு மணி நேரம் குடிக்கும் எலுமிச்சைச் சாறு, உடல் இளைக்க வெறும் வயிற்றில் தினமும் குடிக்கும் எலுமிச்சைத் தேன் தண்ணீர், பேசிக்கொண்டே சப்பும் மாங்காய்த் துண்டு ஆகியவைதான் பல்லில் கைவைக்கின்றன. அளவைவிட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்பதே பெரிது.

புளிப்பு சாப்பிட்டதும் பல் துலக்கினால் நல்லது என்று சுறுசுறுப்பானவர்கள் நினைக்கிறார்கள். அமிலம் பட்ட பரப்பு சற்று நேரம் இளகியிருக்கும். அப்போது தண்ணீரில் கொப்பளித்தால் போதும், பிரஷ்ஷைத் தள்ளிப் போடலாம். கர்ப்பிணிகளுக்கு இது மிக முக்கியம். காலை வாந்தி எடுத்த வாயைத் துலக்கினால்தான் ஆறுதல் என்று பிரஷ்ஷைத் தேடுவது இயல்பு. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளித்துவிட்டு, துலக்குவதை அரை மணி நேரத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுவேன். மேல் முன்பற்களின் உட்பக்கம் மட்டும் கண்ணாடிபோல் வழுவழுப்பாக அரிக்கப்பட்டிருந்தால் நெஞ்செரிச்சல் உண்டா என்று கேட்பேன். இரைப்பை அமிலம் இரவில் மேலேறி வருகிறவர்களுக்கு அந்தத் தடம் இருக்கும்.

வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்ளும் என்பதும் கேட்டுக்கேட்டுப் பழகிய பேச்சு. எலும்பைப்போல் பல் கரைந்து இரத்தத்துக்குக் கால்சியம் தருவதில்லை. கர்ப்ப காலத்தில் பல் கெடுவதற்கு வாந்தியும், அடிக்கடி கொறிப்பதும், ஹார்மோன் மாற்றத்தில் வீங்கும் ஈறும் காரணம். அதே நியாயத்தில், பல் கூச்சத்துக்கென்று கால்சியம் மாத்திரை விழுங்குவதால் வளர்ந்தவரின் பல்லுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

“அந்த பேஸ்ட் ரெண்டு நாள் போட்டேன், கேக்கல”

இரண்டு நாளில் கேட்காது. கூச்ச பேஸ்ட்டுகள் இரண்டு வழியில் வேலை செய்கின்றன. பொட்டாசியம் நைட்ரேட் உள்ளவை, பெரும்பாலும் 5 சதவீத அளவில், குழாய் வழியே மெல்ல ஊடுருவி நரம்பிழை கிளர்வதைக் குறைக்கின்றன. அமெரிக்கப் பல் மருத்துவர் மில்டன் ஹோடோஷ் 1974இல் இதைப் பற்றி எழுதியதிலிருந்து இது புழக்கத்தில் இருக்கிறது. உள்ளே போதிய அளவு பொட்டாசியம் சேர இரண்டு வாரத்திலிருந்து எட்டு வாரம் வரை ஆகும். ஸ்டான்னஸ் புளோரைடு, ஸ்ட்ரான்ஷியம், அர்ஜினைனோடு கால்சியம் கார்பனேட், கால்சியமும் பாஸ்பேட்டும் வெளியிடும் உயிர்க்கண்ணாடித் துகள் போன்றவை குழாயின் வாயை அடைக்கும் வகை. இவற்றில் சிலவற்றின் பலன் விரைவாகவே தெரியும்.

எந்த வகையானாலும், துலக்கி முடித்ததும் வாய் நிறையத் தண்ணீர் ஊற்றி நாலு தடவை கொப்பளித்தால் மருந்து சிங்க்கில் போய்விடும். துப்பிவிட்டு விட்டுவிட வேண்டும். இரவு படுக்கும் முன் கூசும் பல்லின் கழுத்தில் மட்டும் பட்டாணி அளவு பேஸ்ட்டை விரல்நுனியால் தடவிக்கொண்டு தூங்குங்கள் என்பது நான் எல்லோருக்கும் சொல்வது. காசில்லாத ஆலோசனை, கேட்டவர்களுக்குப் பலன் தெரிகிறது.

புளோரைடு என்றாலே பயப்படுகிறவர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வருவதுண்டு. அந்தப் பயம் வந்த வழி நியாயமானது. அங்கே நிலத்தடி நீரில் இருந்த அதிகப் புளோரைடு குழந்தைகளின் பற்களைப் பழுப்பாக்கியதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் அந்தக் கறை, பல் உருவாகும் சிறு வயதில் புளோரைடு மிகுந்த நீரைத் தினமும் குடித்ததால் வந்தது. முளைத்து முடிந்த பல்லின் மேல் பூசித் துப்பும் பேஸ்ட்டால் வளர்ந்தவருக்கு அந்தக் கறை வராது. விழுங்கிவிடும் வயதுக் குழந்தைகளுக்கு மட்டும் அரிசியளவு பேஸ்ட், பெரியவர் பக்கத்தில் நிற்க.

கிராம்பு எண்ணெயையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதில் உள்ள யூஜினால் வலியை உண்மையிலேயே மரக்கச் செய்யும்; நாங்களே தற்காலிக ஃபில்லிங்கில் பயன்படுத்துகிறோம். ஆனால் பஞ்சில் நனைத்து மணிக்கணக்கில் வைத்தால் ஈறு வெந்து வெள்ளையாகிவிடும், கூச்சத்தின் காரணமோ அப்படியே இருக்கும். நல்லெண்ணெய் கொப்பளிப்பதில் கெடுதல் இல்லை. பிரஷ்ஷுக்கும் பேஸ்ட்டுக்கும் பதிலாக அதை வைத்துக்கொள்ளாத வரை.

“வயசானா வர்றதுதானே”

பல் கூச்சம் அதிகமாகத் தெரிவது 20 முதல் 40 வயதுக்குள். வயது ஏற ஏற ஈறு இறங்கினாலும், உள்ளே புது டென்டின் படிந்து குழாய்கள் தாமாகவே அடைபட்டுக்கொண்டு வரும். ஆகவே அறுபது வயதுக்காரர் ஒருவருக்குத் திடீரென்று ஒரு பல் மட்டும் கூசத் தொடங்கினால் நான் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. அதேபோல் ஏழெட்டு வயதுக் குழந்தை ஐஸ்கிரீமுக்கு அழுதால் அது செல்லமல்ல. முதலில் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல்லின் எனாமல் உருவாகும்போதே மிருதுவாக, மஞ்சள் திட்டோடு வந்திருக்கலாம். அந்தப் பல் துலக்கும்போதும் வலிப்பதால் குழந்தை அந்த இடத்தைத் தவிர்க்கும். தவிர்ப்பதால் சீக்கிரம் சொத்தையாகும்.

“கடைசியில ரூட் கெனால்தான் பண்ணணும்”

நோயாளிகள் பயந்துகொண்டு சொல்வதும் இது. சில இடங்களில் அவசரமாகச் செய்துவிடப்படுவதும் இது. நலமான பற்கூழ் உள்ள பல்லுக்குக் கூச்சத்துக்காக மட்டும் வேர் சிகிச்சை செய்வதை நான் கடைசிப் படியாகவே வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஏற வேண்டிய படிகள் பல. பிரஷ்ஷைப் பிடிக்கும் கையைத் திருத்துவது, அமிலப் பழக்கத்தைக் குறைப்பது, பல்லைக் கடிப்பவருக்கு இரவுக் காப்பு செய்து தருவது முதல் படி. இதைச் செய்யாமல் மேலே எது செய்தாலும் நிற்காது. ஒரு மாதம் பேஸ்ட். அதற்கும் அடங்காவிட்டால் நாற்காலியில் 5 சதவீத சோடியம் புளோரைடு வார்னிஷ். அதன் செறிவு 22,600 பிபிஎம், வீட்டு பேஸ்ட்டில் இருப்பதோ சுமார் 1000. கழுத்தில் பள்ளம் இருந்தால் பல்லின் நிறத்திலேயே ஃபில்லிங் வைத்து மூடிவிடலாம். பள்ளம் இல்லாவிட்டால் பசைப் படலம் ஒன்றைப் பூசிக் குழாய்களை அடைக்கலாம். ஈறு அதிகம் இறங்கி, வேர் நன்றாகத் தெரியும் இளவயதினருக்கு, அண்ணத்திலிருந்து சிறு திசுவை எடுத்து வைத்து ஈறை மேலேற்றும் அறுவை சிகிச்சையும் உண்டு.

ஒவ்வொரு படிக்கும் பிறகு அதே பல்லில் அதே தூரத்திலிருந்து அதே ஒரு நொடிக் காற்று. மூன்று இரண்டாகி, ஒன்றாகிறதா என்று எழுதி வைத்துப் பார்க்காவிட்டால் எது வேலை செய்தது என்று எங்களுக்கே தெரியாது. மருத்துவரைப் பார்த்துவிட்டோம் என்ற ஆறுதலிலேயே கூச்சம் கணிசமாகக் குறைவது இந்தத் துறையின் பல ஆய்வுகளிலும் தெரிகிற விஷயம்.

இவ்வளவுக்கும் பிறகு, சாப்பிடவே முடியாத அளவுக்குக் கூசினால், அல்லது நொடிக்கணக்கு நிமிடக்கணக்காக மாறினால், வேர் சிகிச்சையைத் தயங்காமல் செய்துவிட வேண்டும். அந்தப் பல்லின் கூச்சம் அன்றோடு முடிந்தது. ஆனால் தேய்க்கும் கையும் குடிக்கும் பானமும் மாறாதவரை அதே தேய்மானம் பக்கத்துப் பல்லின் கழுத்திலும் நடந்துகொண்டிருக்கும். ஒரே வரிசையில் மூன்று பற்களுக்கு அடுத்தடுத்து வேர் சிகிச்சை செய்துகொண்டு, நாலாவது பல் கூசுகிறது என்று வருகிறவரின் வாயில் நான் முதலில் தேடுவது சொத்தையை அல்ல; மறுமுறை வரும்போது வீட்டில் பயன்படுத்தும் பிரஷ்ஷைக் கொண்டுவரச் சொல்கிறேன்.